கால் தூக்கும் வைத்தியம்

அரசாங்க ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில், உடம்பில் ஒரு நோயும் இல்லாமல், இரண்டு கால்களும் கூரையைப் பார்க்க மல்லாந்து கிடந்த வைத்தியர் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கிடந்ததோடு விஷயம் முடிந்திருந்தால் இதை எழுதாமலே விட்டிருப்பேன். அந்தக் கோலத்தில் கிடக்கும்போதுதான் ஆஸ்பத்திரித் தலைவரான பணிப்பாளர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் கழுத்துப்பட்டி கட்டிய வெளிநாட்டுக்காரர் சிலர். நான் கிடந்த கட்டிலை எங்களுக்கு அன்பளிப்புச் செய்தவர்களே அவர்கள்தான்.

சுனாமிக்குப் பிறகு உலகத்தின் இரக்கமெல்லாம் பெட்டி பெட்டியாக மட்டக்களப்புக்கு வந்து இறங்கியது. ஆட்டு ரோமத்தில் பின்னிய காலுறைகள் வந்தன. எங்கள் வெயிலுக்கு அவற்றை யார் போடுவது என்று தெரியாமல் களஞ்சியத்தில் அடுக்கினோம். இவற்றுக்கு நடுவில் உண்மையாகவே நல்ல சாமான்களும் வந்தன. நாடியையும் அழுத்தத்தையும் அலை அலையாகக் காட்டும் மொனிற்றர்கள். கைப்பிடியைச் சுழற்றினால் தலைப்பக்கம் தனியாகவும் கால்பக்கம் தனியாகவும் உயரும் கட்டில்கள். கட்டிலோடு ஒரு விளக்கப் புத்தகமும் வந்தது. அது எழுதப்பட்ட மொழியை வாசிக்கக்கூடியவர் மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். அந்தப் பிரிவின் வைத்திய அதிகாரி. வாசிப்பில் ஒரு கிறுக்கு உண்டு. நாவல், சரித்திரம், கடலை சுற்றித் தந்த தாள், பழைய வைத்திய சஞ்சிகை எல்லாவற்றையும் ஒரே பசியோடு வாசிக்கிறவன். அப்படி ஒரு சஞ்சிகையில்தான் இந்தக் கால் விஷயத்தைப் படித்தேன். செயற்கைச் சுவாசத்தில் கிடக்கும் நோயாளிக்கு இரத்த அழுத்தம் விழுந்துவிட்டால், இன்னும் சேலைன் ஏற்றலாமா கூடாதா என்று தெரிய வேண்டும். அதற்கு அவருடைய காலைத் தூக்கிப் பார்த்தால் போதும் என்று எழுதியிருந்தார்கள். கால்களில் கிடக்கும் இரத்தம் இதயத்துக்கு ஓடி வரும். இதயம் அதை வாங்கி ஓங்கி அடித்தால் தண்ணீர் கேட்கிற ஆள். அடிக்காவிட்டால் கேளாத ஆள். காலை இறக்கினால் இரத்தம் வந்த வழியே திரும்பிவிடும். ஒரு துளி சேலைன் செலவில்லை, ஒரு துளி ஆபத்தும் இல்லை.

படித்ததை உடனே பரீட்சித்துப் பார்க்க வேண்டுமென்ற ஆசையில், வெறும் கட்டிலில் நானே ஏறிப் படுத்து, கையில் அழுத்தப் பட்டியைச் சுற்றிக்கொண்டு, கால்பக்கத்தை உயர்த்தச் சொன்னேன். கால்பக்கம் உயர்ந்தது. என் அழுத்தம் கூடியதா குறைந்ததா என்று பார்ப்பதற்கு முன்பே கைப்பிடி இறுகிவிட்டது.

"டொக்டர், இது இறங்குதில்ல" என்றாள் மிஸி.

தாதியை எங்கள் பக்கத்தில் மிஸி என்போம். இவள் சித்தாண்டிக்காரி. அந்தப் பிரிவுக்குப் பொறுப்பானவள், என்னையும் அந்தப் பொறுப்பில் ஒரு பகுதியாகவே நடத்தியவள். அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கதவு திறந்தது. வந்தவர்களில் மூத்தவர் கட்டில் எப்படி என்று என்னிடம் மரியாதையாக விசாரித்தார். மிகவும் வசதியாக இருக்கிறது என்று படுத்தபடியே பதில் சொன்னேன். பணிப்பாளர் என்னைப் பார்த்த பார்வை இடமாற்றக் கடிதம் போலிருந்தது.

அவர்கள் போன பிறகு சிற்றூழியர் இருவர் சேர்ந்து கைப்பிடியை மூர்க்கமாகத் திருப்பினார்கள். நான் இறங்கினேன். கைப்பிடி முறிந்து கையோடு வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கட்டிலின் கால்பக்கம் உயரவே இல்லை.

"ஆசையெண்டா சொல்லியிருக்கலாமே டொக்டர்" என்றாள் மிஸி. "கட்டில வீட்டுக்கே அனுப்பி வைச்சிருப்பம்."

இனிச் சேலைனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சேலைன் போத்தல் ஒரு மரியாதை. நோயாளியைப் பார்க்க வருகிறவர் என்ன வருத்தம் என்று கேட்பதற்கு முன் "எத்தின சேலைன் ஏத்தின?" என்று கேட்பார். நிறைய என்றால் நல்ல ஆஸ்பத்திரி, நல்ல டொக்டர், ஆள் பலமுள்ள குடும்பம். ஒன்றே ஒன்று என்றால் கேட்டவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, கொண்டுவந்த தோடம்பழத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார். இதைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை எனக்கு இல்லை. சுனாமி அன்று, கடல் நீரைக் குடித்து வந்தவர்களை வாட்டின் தரையில் வரிசையாகக் கிடத்திவிட்டு, யன்னல் கம்பிகளில் போத்தல்களைக் கட்டித் தொங்கவிட்டதைத் தவிர எங்களுக்கும் வேறு ஒன்றும் தோன்றவில்லை. அன்று கையில் இருந்தது அது ஒன்றுதான். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், சண்டைக் காலத்தில் அதுவும் இல்லை. ஒரு போத்தல் சேலைன் அந்தக் கரைக்குப் போவதற்கு எத்தனை சோதனைச்சாவடி, எத்தனை கையெழுத்து. ஆகவே அந்தக் கரையிலிருந்து வருகிறவர்கள் போத்தலை அண்ணாந்து பார்க்கிற பார்வையே வேறு. தாங்களும் ஆட்கள்தான் என்று ஒருவர் ஒத்துக்கொண்டதற்கு அடையாளமாக அது மேலே தொங்கும்.

கிழக்கில் சண்டை ஓய்ந்து, வன்னியில் இன்னும் ஓயாத காலத்தில் அந்தப் பெண் வந்தாள். நாற்பது வயதுக்கு உட்பட்டவள். ஊர் கொக்கட்டிச்சோலைக்கு அங்கால். சண்டையில் இடம்பெயர்ந்து எங்கள் கரையில் கூடாரத்தில் இருந்துவிட்டு, அப்போதுதான் திரும்பிப் போயிருந்தார்கள். அவளுடைய சீதனக் காணி இருந்த வயல் வட்டை முழுவதும் பற்றைக்காடாகிக் கிடந்தது. மழைக்கு முன் விதைத்துவிட வேண்டுமென்று ஒரு மாதமாக அதை வெட்டித் துப்புரவாக்கியிருக்கிறார்கள். பற்றைக்குள் கிடந்த பழைய முள்ளுக்கம்பி அவள் கையைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். கை வீங்கியது. மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு தொடர்ந்தாள். காய்ச்சலில் நினைவு தடுமாறத் தொடங்கிய பிறகுதான் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். மண்முனையில் அப்போது பாலம் இல்லை. ஆளையும் உழவு இயந்திரத்தையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் இரும்பு மிதவைதான். எங்கள் ஊரில் அதைப் பாதை என்போம். பாதைக்குக் காத்திருந்து, இறங்கிய கரையில் சோதனைக்குக் காத்திருந்து, எங்களிடம் வந்து சேரும்போது அவள் கையும் காலும் குளிர்ந்துபோயிருந்தன.

சத்திரசிகிச்சை நிபுணர் கையைத் திறந்து சீழை எடுத்துவிட்டார். ஆனால் கிருமியின் நஞ்சு இரத்தத்தில் இறங்கியிருந்தது. மூச்சு இளைத்ததால் தொண்டையில் குழாயை விட்டு வெண்டிலேற்றரில் போட்டோம். இந்த நஞ்சு இரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடும். குழாய் தளர்ந்தால் அழுத்தம் விழும். அதை நிரப்பச் சேலைன் வேண்டும். அதே நஞ்சு அந்தக் குழாய்களில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளையும் போடும். ஊற்றுவது ஒழுகும், ஒழுகுவது நுரையீரலில் தேங்கும். குறைய ஊற்றினால் சிறுநீரகம் காய்ந்துவிடும், கூட ஊற்றினால் நுரையீரல் மூழ்கிவிடும். இரண்டு வழியாலும் ஆள் போய்ச் சேர்ந்துவிடும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் காணியும் வீடும் பெண் வழி. ஆகவே ஆஸ்பத்திரி வாசலில் காவல் நிற்பதும் பெண் வழியாகத்தான் இருக்கும். புருசன் மாடுகளோடு ஊரில் நின்றுவிட்டான். வந்து நின்றது அவளுடைய அக்கா. ஐம்பது வயதிருக்கும், வெற்றிலை போட்ட வாய். என்னை 'டொக்டர் ஐயா' என்று கூப்பிட்டால் என்மேல் சந்தேகம், மகனைச் சுருக்கி 'மனே' என்று கூப்பிட்டால் காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்பதை முதல் நாளே விளங்கிக்கொண்டேன்.

"எத்தின போத்தல் போகுது மனே?"

"தேவையான அளவு போகுது."

"தேவையான அளவெண்டா எத்தின?"

அவளுக்கு வாய்த்ததும் நான் படுத்த அதே கட்டில்தான். கால்பக்கக் கைப்பிடி முறிந்திருந்ததால் காலைக் கையால்தான் தூக்க வேண்டியிருந்தது. முறித்தவன் நான் என்பதால் யாரிடமும் முறைப்பாடு சொல்லவும் முடியவில்லை. முதலில் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தோம். அந்தக் கைப்பிடி உயிரோடுதான் இருந்தது. பிறகு அதைத் தாழ்த்திக்கொண்டே சிற்றூழியர் இருவர் ஆளுக்கொரு காலைப் பிடித்து உயர்த்தினார்கள். அவள் மணிக்கட்டு நாடிக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகியிருந்தோம். ஒவ்வொரு துடிப்பும் திரையில் ஓர் அலையாக ஏறி இறங்கும். நான் அலையைப் பார்த்தேன். நெற்கதிர் நிமிர்வதைப் போல அது உயர்ந்தது.

"ஏறுது டொக்டர்" என்றாள் மிஸி.

தண்ணீர் கேட்கிற ஆள். சேலைன் போட்டோம், அழுத்தம் பிடித்தது. பின்னேரம் மறுபடி தூக்கினோம், மறுபடி ஏறியது, மறுபடி போட்டோம். வாசலில் அக்காவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் போத்தல் கணக்கைச் சொன்னாள். நல்ல டொக்டர் என்றும் சொன்னாளாம். அந்தப் பெயர் எனக்கு ஒரு நாள்தான் நிலைத்தது.

அடுத்த நாள் காலையில் தூக்கினோம். அலை அசையவில்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அலுவலகத்தில் இருக்கும் எழுதுவினைஞர் மாதிரி, யார் வந்தாலும் போனாலும் எனக்கென்ன என்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகமும் விரல்களும் ஊதியிருந்தன. வெண்டிலேற்றரில் ஒட்சிசனைக் கூட்ட வேண்டி வந்தது. அழுத்தம் மட்டும் இன்னும் தாழ்வாகவே நின்றது. நான் சேலைனை நிறுத்தினேன். இரத்தக் குழாயை இறுக்குகிற மருந்தைக் கொஞ்சம் கூட்டினேன். எங்கள் தீவிர சிகிச்சை நிபுணருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

நிபுணர் யாழ்ப்பாணத்துக்காரர். கை தேர்ந்தவர், கோபக்காரர், நேர்மையானவர். கழுத்து நாளத்தில் குழாய் விட்டு அழுத்தம் அளக்கிற முறையில் வளர்ந்து, அதில் கரை கண்டவர்.

"கழுத்து அழுத்தம் இன்னும் ஏற இடம் கிடக்கு. இன்னொரு லீற்றர் குடுத்துப் பாரும்."

"சேர், நான் தூக்கிப் பாத்தன். ஏறல்ல."

"எதைத் தூக்கினனீர்?"

"கால, சேர்."

அந்தப் பக்கத்தில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"பின்னேரம் வாறன். எனக்கு முன்னால தூக்கிக் காட்டும். அதுவரைக்கும் உம்மட பொறுப்பு."

பொறுப்பு என்ற சொல்லை நான் அதற்கு முன் பல தடவை வாசித்திருக்கிறேன். அதற்கு எத்தனை கிலோ எடை என்பது அன்றுதான் தெரிந்தது. ஒரு லீற்றரை நான் மறுத்து, அவள் அதற்காகவே ஏங்கிச் செத்தால் என்ன சொல்வேன்? சஞ்சிகையில் இருந்தது என்றா?

வெளியே வந்தால் அக்கா நின்றாள். கண்ணாடிக் கதவு வழியாக, மேலே தொங்கிய போத்தல் ஓடாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறாள்.

"டொக்டர் ஐயா, தண்ணிய ஏன் நிப்பாட்டின?"

எனக்குத் தெரிந்த வயல் அறிவு முழுவதையும் திரட்டிக்கொண்டு சொன்னேன். "அக்கா, வரம்பு உடைஞ்ச வயலுக்குத் தண்ணி விட்டா எங்க போகும்?"

"பக்கத்து வயலுக்குப் போகும்."

"அந்தப் பக்கத்து வயல்தான் நுரையீரல். அது மூழ்கிட்டிருக்கு."

அவள் யோசித்தாள். எனக்கு என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

"அப்ப வரம்பக் கட்டுங்க."

"கட்டுறம். அதுக்கு மருந்து போகுது."

"வரம்பக் கட்டினாப் பிறகு தண்ணி வேணும்தானே? கட்டிக் கட்டி விடுங்க. எங்கட வட்டையில ஆரும் வரம்பு கட்டுறவரைக்கும் வாய்க்கால அடைச்சிப் போட்டுப் படுக்கிறல்ல."

உண்மையில் அடைப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இல்லாட்டி இல்லையெண்டு சொல்லுங்க மனே. முடிஞ்சா முடிஞ்சிட்டெண்டு சொல்லுங்க. நாங்க வாங்கிட்டு வருவம்." சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மருந்துக் கடைகள் இருக்கும் பக்கம் நடந்தாள். ஆஸ்பத்திரியில் சேலைன் தீர்ந்துவிட்டது, படித்தவன் வெட்கத்தில் வரம்புக் கதை சொல்கிறான் என்பது அவளுடைய முடிவு. அவள் வாழ்க்கையில் அதுவரை நடந்ததை வைத்துப் பார்த்தால் பிழையான முடிவும் இல்லை.

பின்னேரம் நிபுணர் வந்தார். காலையில் தூக்கியபோது சிற்றூழியர்களின் கை நடுங்கியதில் அலையும் நடுங்கியது. இவருக்கு முன்னால் அப்படி ஒரு நடுக்கமும் இருக்கக் கூடாது. மிஸி ஒரு வழி கண்டுபிடித்தாள். காலியான சேலைன் அட்டைப் பெட்டிகளை அடுக்கி, மேலே தலையணை வைத்து, அதன் மேல் கால்களை ஏற்றினால் அசையாமல் நிற்கும். கால்கள் அகன்று சரியாமலிருக்க இரண்டு கணுக்கால்களையும் பஞ்சுத் துணியால் சேர்த்து ஒரு கட்டு. நல்ல யோசனை என்றேன். மரணம் நடந்த வீட்டில் முதல் வேலையாக இரண்டு கால்களின் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டுகிற ஊரில் பிறந்து வளர்ந்த இத்தனை பேர் அங்கே நின்றோம். ஒருவருக்கும் தோன்றவில்லை.

கட்டினோம், தலையைத் தாழ்த்தினோம், கால்களை ஏற்றினோம். நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் நின்றார். அலை ஓடியது. உயரவில்லை. அவர் காத்திருந்தார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். அறையில் ஒழுங்காக மூச்சு விட்டது வெண்டிலேற்றர் மட்டும்தான். அலை உயரவே இல்லை.

"திருப்பி இறக்கும்." இறக்கினோம். "திருப்பி ஏத்தும்." ஏற்றினோம். அதே அலை.

அவர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெள்ளை படர்ந்திருந்த இரண்டு நுரையீரல்களையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரி. இவவுக்குத் தண்ணி காணும், இனிப் போதும். மருந்தை ஏத்தும். அழுத்தம் நிண்டாப் பிறகு, கிடக்கிற தண்ணியை வெளியில எடுக்கப் பாப்பம்."

என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் கிடைத்த எந்தப் பட்டமும் அந்த ஒரு வசனத்துக்கு ஈடில்லை. அதை அனுபவிக்க எனக்கு அரை நிமிடம் கூடக் கிடைத்திராது. வெளியே ஒப்பாரி தொடங்கிவிட்டது.

அக்கா கடையிலிருந்து ஒரு பை நிறையச் சேலைன் போத்தல் வாங்கிக்கொண்டு வந்து, கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். தங்கச்சியின் கால்கள் சேர்த்துக் கட்டிக் கிடந்தன. தலை தாழ்ந்திருந்தது. சுற்றிவர நாங்கள் அசையாமல் நின்றோம். நடைபாதையில் அப்படியே குந்தியிருந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, நெஞ்சில் அடித்துத் தொடங்கினாள்.

"தண்ணி வாங்கப் போனனே என் கிளியே, நான் வாறதுக்குள்ள கட்டிட்டாங்களே..."

நல்ல குரல். ஒப்பாரி என்னையும் விட்டுவைக்கவில்லை. பெயர் சொல்லவில்லை, ஆனால் கண்ணாடி போட்டவன் என்றும் வாய்க்காலை அடைத்தவன் என்றும் போதுமான அடையாளங்கள் வந்தன. அடுத்த வாட்டுகளிலிருந்து வந்தவர்கள் சுற்றி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

மிஸி வெளியே போனாள். "ஆருக்குகா அழுறிங்க? உங்கட தங்கச்சி உசிரோடதான் கிடக்கிறா."

"காலக் கட்டினத என்ட ரெண்டு கண்ணாலயும் பாத்தன்."

"கணுக்காலக் கட்டின. சரியாம இருக்கக் கட்டின."

"எங்க கட்டினா என்ன, கட்டினது கட்டினதுதானே?"

"அவிழ்த்துட்டம். வந்து பாருங்க."

"ஒருக்காக் கட்டினா அவிழ்க்கிறல்ல." அவள் மறுபடி அழத் தொடங்கினாள்.

ஒப்பாரியை நிறுத்தியிருக்கலாம். ஆனால் செய்தி அதற்கு முன்பே கைத்தொலைபேசியில் வாவியைக் கடந்துவிட்டது. பாதைக்குக் காத்திருக்கவும் இல்லை, சோதனைச்சாவடியில் இறங்கவும் இல்லை. அந்தக் கரையில் பந்தல் போடத் தொடங்கிவிட்டார்கள். கிடுகு வந்தது, கதிரை வந்தது, பறைமேளக்காரருக்கு ஆள் போனது. இங்கே மருந்தைக் கூட்டிக் கூட்டி நாங்கள் அவளுடைய அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அங்கே அவளுடைய செத்தவீட்டுக்குத் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது.

பொழுது சாய்வதற்குள் புருசன் வந்து சேர்ந்தான். மெலிந்த மனிதன், சேற்றுக்காலை அவசரமாகக் கழுவின கோலம். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் மடித்த வெள்ளைச் சேலை தெரிந்தது. எப்போது கொண்டுபோகலாம் என்று மட்டும் கேட்டான். நான் அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

"பாருங்க, நெஞ்சு ஏறி இறங்குது."

"அது மிசின் விடுற மூச்சு ஐயா. எனக்குச் சொன்னவங்க."

"நாடி அடிக்குது, திரையில பாருங்க."

"அதுவும் மிசின்தானே."

படிப்பறிவு இல்லாத மனிதன் என்று சொல்ல முடியாது. மிசினைப் பற்றி எங்கள் நாட்டில் யார் எதைச் சொன்னாலும் நம்பாமல் இருக்கப் பழகிய மனிதன். என்ன காட்டுவது என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். கட்டிலின் பக்கத்தில் சிறுநீர் சேரும் சலப் பை தொங்கியது. காலையிலிருந்து வெறுமையாகக் கிடந்தது, இரண்டு நாளாக நான் கோயில் மூலஸ்தானத்தைப் பார்ப்பது போல அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது குழாயில் மஞ்சளாக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. அழுத்தம் ஏறியதும் சிறுநீரகம் கண் விழித்திருக்கிறது. என் குரல் எனக்கே உயர்ந்து கேட்டது.

"அங்க பாருங்க. சலம் இறங்குது. மிசின் சலம் பெய்யாது."

அவன் குனிந்தான். குழாயில் ஒரு துளி வழிந்து இன்னொரு துளியோடு சேர்வதை நெடுநேரம் பார்த்தான். பிறகு கையை நீட்டி, பையின் அடியைப் பக்குவமாகப் பிடித்துப் பார்த்தான், மாட்டின் மடியைப் பிடிக்கிறதைப் போல.

"சூடாக் கிடக்கு" என்றான்.

வெள்ளைச் சேலைப் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வெளியே போய் அக்காவிடமும் அதையே சொன்னான். "சூடாக் கிடக்கு மச்சாள்." அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவன் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். தொலைபேசி மறுபடி வாவியைக் கடந்தது. பந்தல்காரன் ஏணியிலிருந்து இறங்கினானாம்.

அன்றிலிருந்து அக்கா கணக்கை மாற்றிவிட்டாள். உள்ளே போகும் போத்தலை விட்டுவிட்டு வெளியே வருவதை எண்ணத் தொடங்கினாள். அழுத்தம் நிலைத்த பிறகு, தேங்கிய தண்ணீரை இறக்க மருந்து கொடுத்தோம். சலம் வாவி மாதிரிப் பெருகியது. நான் கதவைத் திறக்கும்போதெல்லாம் "இண்டைக்கு எத்தின போத்தல் மனே?" என்று கேட்பாள். நான் சொல்வேன். அவள் அதைத் தொலைபேசியில் ஊருக்கு அறிவிப்பாள். நடைபாதையில் இருந்த மற்றக் குடும்பங்களும் கேட்டுச் சந்தோசப்பட்டன. ஏறாவூரிலிருந்து தன் தகப்பனோடு வந்து நின்ற ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்கட வாப்பாக்கும் அந்தக் கால் வைத்தியத்தச் செஞ்சி பாருங்களேன் டொக்டர்" என்று கேட்டார். அவருடைய வாப்பாவுக்கு ஆஸ்துமா.

முகத்து ஊதல் வற்றியது. நெஞ்சுப் படத்தில் வெள்ளை விலகிக் கறுப்புத் தெரிந்தது. வெண்டிலேற்றரைப் படிப்படியாகக் குறைத்தோம். ஒரு பகல், நிபுணர் பக்கத்தில் நிற்க, நான் குழாயை இழுத்து எடுத்தேன். அவள் இருமினாள். இருமி முடிந்ததும் சொந்த மூச்சை எடுத்தாள், அடுத்ததையும் எடுத்தாள். அலுக்காமல் எடுத்துக்கொண்டே இருந்தாள். சிற்றூழியர் இருவரும் அவளுடைய இரண்டு கால்களையும் இத்தனை நாள் தூக்கிய உரிமையில் கட்டிலடியில் வந்து நின்று சிரித்தார்கள். அவள் உதடு அசைந்தது. குழாய் எடுத்த தொண்டைக்கு உடனே குடிக்கக் கொடுத்தால் புரையேறும் என்பதால், மிஸி பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினாள். கண்ணாடிக்கு வெளியே அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பியபடி நின்றாள். யாரைக் கும்பிடுகிறாள் என்று தெரியவில்லை. எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மாத வைத்தியர் கூட்டத்தில் நிபுணர் என்னை எழுப்பி நிறுத்தினார். "இவர் எனக்குக் கால் தூக்கிக் காட்டினவர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நான் குடுக்கச் சொன்ன லீற்றரைக் குடுத்திருந்தால் அந்தப் பிள்ளை போயிருக்கும். எனக்கு மாட்டன் எண்டு சொல்ல ஒரு ஆள் இருந்தவர்." சிரிப்பு நின்று கைதட்டல் வந்தது. நான் உட்கார மறந்து நின்றேன். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினார். அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் கால் தூக்காமல் யாருக்கும் ஒரு போத்தல் ஏறியதில்லை. பணிப்பாளர் பைசிக்கிள் திருத்துகிற ஒருவரைப் பிடித்துக் கட்டில் கைப்பிடியையும் ஒட்டுவித்தார். அதில் என்னை ஏற விடக் கூடாது என்று மிஸிக்கு வாய்மொழி உத்தரவும் கொடுத்தார்.

பல வாரங்களுக்குப் பிறகு அந்தப் பெண் கிளினிக்குக்கு வந்தாள். நான் அந்தப் பக்கம் போக வேண்டிய வேலை எதுவும் இல்லை. போனேன். நீள மர வாங்கில் அக்காவுக்குப் பக்கத்தில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் தழும்பு ஆறியிருந்தது, முகத்தில் வெயில் பட்ட நிறம் திரும்பியிருந்தது. காணி விதைத்துப் பயிர் முழங்கால் அளவு நிற்கிறது என்று அக்கா சொன்னாள். நான் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு தங்கச்சிக்காரிக்கு முன்னால் போய் நின்று, என்னைத் தெரிகிறதா என்று கேட்டேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். முகம் இறுகியது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணின் தொடையைத் தட்டி என்னைக் காட்டினாள்.

"இந்தா, இவர்தான் நான் சொன்ன ஆள். தொண்டை காஞ்சி ஒரு முடறு தண்ணி தாங்கண்டு நான் கெஞ்சக் கெஞ்ச, பஞ்சால உதட்டத் துடைக்க விட்டிட்டுப் பாத்துக்கிட்டு நிண்ட மனுசன். நாங்க எங்கட மாட்டுக்கும் இப்பிடிச் செய்யிறல்லகா."